எல்லை தாண்டி வரும் கொம்பன்களைச் சுட விடாதீர்கள்: தான்சானிய அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தான்சானிய இயற்கை வளம், சுற்றுலாத் துறை அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சகத்தின் காட்டுயிர்ப் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கிளிமஞ்சாரோவின் வடக்கு அடிவாரத்தில் உங்கள் லொங்கிடோ மாவட்டமும் கென்யாவின் அம்போசெலி நிலப்பரப்பும் தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நடுவில் எல்லைக்கோடு உண்டு, வேலி கிடையாது. அம்போசெலி சதுப்பில் தண்ணீர் குடித்த யானை மறுநாள் உங்கள் சின்யா சமவெளியில் குடைவேல் மரத்தை ஒடித்துத் தின்றுகொண்டிருக்கும். மலைக்காட்டுக்குப் போக வேண்டுமானால் கிட்டெண்டெனி வலசைப்பாதை வழியாக ஏறிவிடும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் போய் வருகின்றன.

2023 செப்டம்பருக்கும் 2024இன் தொடக்க மாதங்களுக்கும் இடையில், அப்படி உங்கள் பக்கம் வந்த ஐந்து கொம்பன்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. இது கள்ள வேட்டை அல்ல. உரிமம் வாங்கி, கட்டணம் கட்டி, தந்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போக வந்த டிராபி வேட்டைக்காரர்கள் சுட்டவை. ஐந்தில் குறைந்தது இரண்டு, ஒற்றைத் தந்தமே 45 கிலோவைத் தாண்டும் வகையைச் சேர்ந்தவை என்று அங்குள்ள ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட யானைகள் ஆப்பிரிக்கா முழுவதிலுமே இன்று மிகச் சிலதான் மிஞ்சியிருக்கின்றன.

அந்த எல்லையோரத்தில் யானை வேட்டைக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தான்சானியா முழுவதும் வேட்டையை இழுத்து மூடச் சொல்லவில்லை. அது வேறு விவாதம், அதில் உங்களுக்கு உங்கள் நியாயங்கள் இருக்கின்றன. லொங்கிடோவில் கிராமங்கள் காட்டுயிருக்கென விட்டுவைத்த எண்டுய்மெட் காட்டுயிர் மேலாண்மைப் பகுதியும் அதை ஒட்டிய எல்லையோர நிலமும் மட்டும்தான் நான் கேட்பது.

உங்களுக்கு இது புதிய வேண்டுகோளும் அல்ல. 1994இல் இதே இடத்தில் அம்போசெலியின் ஆண் யானைகள் சில சுடப்பட்டன. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகி, பெயர் வைத்திருந்த யானைகள் அவை. பல நாடுகளிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. உங்கள் அரசு காது கொடுத்துக் கேட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அந்தப் பகுதியில் யானை வேட்டை நடக்கவில்லை. அன்றைக்குக் குடும்பத்தை விட்டுப் பிரிந்து தனியே திரியத் தொடங்கியிருந்த இளம் ஆண்கள்தான் இன்றைக்கு அந்தச் சமவெளியின் பெரிய கொம்பன்கள். முப்பது ஆண்டு உங்கள் நாடு காத்த பொறுமையால் உயிரோடு இருப்பவை. அவற்றைத்தான் இப்போது சுடுகிறார்கள்.

வேட்டைக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் ஒரு வாதம் உண்டு. வயதான ஆண் இனப்பெருக்கத்தில் தன் பங்கை முடித்துவிட்டது, அதை எடுத்துவிட்டால் கூட்டத்துக்கு நட்டமில்லை, அந்தப் பணத்தில் கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டலாம் என்பது. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதல் பாதி தவறு. அது தவறு என்று நிறுவப்பட்ட இடமே அம்போசெலிதான்.

யானை ஆய்வாளர் சிந்தியா மாஸ் 1972இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார். காதின் ஓரக் கிழிசல், ஓட்டை, நரம்போட்டம் இவற்றைக் கொண்டு ஒவ்வொரு யானையையும் தனித்தனியே அடையாளம் கண்டு, அதன் தாய் யார், எந்தக் குடும்பம், எப்போது பிறந்தது, எப்போது ஈன்றது, எப்போது செத்தது என்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வருகிறார்கள். காட்டு யானைகளைப் பற்றி இவ்வளவு நீண்ட, இவ்வளவு நுணுக்கமான பதிவு உலகில் வேறெங்கும் இல்லை. ஆப்பிரிக்க யானைக்கும் ஆசிய யானையைப் போலவே மதம் பிடிக்கும் என்பதை ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் 1981இல் உலகுக்கு எடுத்துச் சொன்னது இந்தச் சமவெளியில் கண்டதை வைத்துத்தான்.

அந்தப் பதிவுகள் சொல்வது இது. ஆண் யானை பதினான்கு வயதையொட்டிக் குடும்பத்தை விட்டுப் போகிறது. இருபதுகளில் உடலளவில் தயாராக இருந்தாலும் பெண் யானைகள் அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, பெரிய ஆண்கள் கிட்டேயும் விடுவதில்லை. முப்பதை நெருங்கும்போதுதான் மதம் ஒழுங்காகப் பிடிக்கத் தொடங்குகிறது, அதுவும் முதலில் சில நாட்கள், பிறகு சில வாரங்கள். நாற்பதைத் தாண்டிய ஆணுக்குத்தான் மதம் மாதக்கணக்கில் நிற்கும். பெண் யானையோ நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை, நாலைந்து நாள் மட்டுமே இணைசேரும் பருவத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் அது தேடிப் போவது மதம் பிடித்த மூத்த ஆணைத்தான். குட்டிகளின் தந்தை யார் என்று மரபணுவை வைத்துப் பார்த்தபோதும் இதே விடைதான் கிடைத்தது: ஆண் யானை அதிகமாகக் குட்டிகளுக்குத் தந்தையாவது நாற்பதுகளின் பிற்பகுதியில்.

அதாவது வேட்டைக்காரர் தேர்ந்தெடுக்கும் யானையும் பெண் யானை தேர்ந்தெடுக்கும் யானையும் ஒன்றே. ஆண் யானையின் தந்தம் ஆயுள் முழுக்க வளர்வது, வயது ஏற ஏற எடை கூடுவது. உங்கள் விதிகளும் குறைந்த அளவுத் தந்தம் உள்ள யானையைச் சுடக் கூடாது என்றே சொல்கின்றன. இளம் யானையைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு போட்ட விதிதான் அது. ஆனால் அதன்படி துப்பாக்கி திரும்புவது, கூட்டம் இழக்கவே கூடாத விலங்கின் பக்கம்.

சுடப்பட்டவற்றில் கில்கில் என்ற யானையை மட்டும் ஆய்வாளர்களால் உறுதியாக அடையாளம் சொல்ல முடிந்தது. அதற்கு வயது 35. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் அது தன் முழு வலுவை எட்டியிருக்கும். மற்றவற்றின் சடலங்கள் எரிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. காதும் எரிந்துபோனால் அது யார் என்று யாராலும் சொல்ல முடியாது. அரை நூற்றாண்டுப் பதிவில் அந்த யானைக்கு உரிய பக்கம் முடிக்கப்படாமல் நின்றுவிடும். உரிமம் பெற்று நடக்கும் வேட்டையில் இது ஏன் நடக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்போசெலியில் ஒரு முற்பகலில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். சதுப்பு ஓரத்தில் ஒரு பெரிய கொம்பன் புல் பறித்துக்கொண்டிருந்தது. தும்பிக்கையால் ஒரு கற்றையைச் சுற்றி இழுக்கும், முன்காலில் இரண்டு தட்டுத் தட்டி வேரில் ஒட்டிய சேற்றை உதிர்க்கும், பிறகு வாயில் வைக்கும். தந்தங்களின் அடிப்பாகம் சேறும் புல்சாறும் ஏறிப் பச்சைக் கறுப்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு இளம் ஆண், அதுவும் அதே மாதிரி காலில் தட்டித் தட்டிப் பார்த்தது, பாதி சேற்றோடு தின்றது. நடுவில் ஒருமுறை அது தும்பிக்கையை நீட்டிப் பெரியதின் வாய்க்குள் வைத்து எடுத்தது. யானைகள் மரியாதை காட்டுவது அப்படித்தான். ஓட்டுநர் எஞ்சினை அணைத்திருந்தார். சற்று நேரத்தில் பெரியது கரையேறி, எங்கள் வண்டியின் பக்கவாட்டை உரசாத குறையாக நடந்து போனது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்கு அங்கேயே நடந்த இன்னொரு ஆய்வில் விடை இருக்கிறது. கேரன் மெக்கோம்பும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்டது. ‘அதோ பார், யானைக் கூட்டம் வருகிறது’ என்று கால்நடை மேய்க்கும் மாசாய் மக்களின் மொழியிலும் உழவர்களான கம்பா மக்களின் மொழியிலும் பேச வைத்துப் பதிவுசெய்து, யானைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மாசாய் ஆண்களின் குரலைக் கேட்டதும் யானைகள் ஒன்றாக நெருங்கி நின்று காற்றில் மோப்பம் பிடித்தன, பின்வாங்கின. கம்பா ஆண்களின் குரலுக்கு அவ்வளவு பதற்றம் இல்லை. மாசாய்ப் பெண்கள், சிறுவர்களின் குரலுக்கும் இல்லை. கால்நடை மேய்ப்பவர்களோடு தண்ணீருக்கும் புல்லுக்கும் மோதி வந்த யானைகள், யாரிடமிருந்து ஈட்டி வரும் என்பதைக் குரலை வைத்தே கற்றுவைத்திருக்கின்றன. அந்தக் கணக்கில் வண்டியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஆபத்தில்லாதவர். கேமராவோடு வந்தவர்களையே ஐம்பது ஆண்டாகப் பார்த்த விலங்கு அது. எல்லைக்கு உங்கள் பக்கம் வண்டியிலிருந்து இறங்குபவரின் கையில் இருப்பது வேறு என்று அதற்கு எப்படித் தெரியும்? ஓடாத, ஒளியாத, மனிதரை நம்பக் கற்றுக்கொண்ட உயிரைச் சுடுவதை உங்கள் நாட்டின் பழைய வேட்டைக்காரர்களே வேட்டை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மூத்த ஆண்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் ஊகம் அல்ல. தென்னாப்பிரிக்காவில் குரூகர் பூங்காவில் யானைகளைக் கொன்று எண்ணிக்கையைக் குறைத்த காலத்தில், அநாதையான குட்டிகளைப் பிலானஸ்பெர்க் பூங்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பெரிய ஆண் ஒன்றுகூட இல்லை. அந்தக் குட்டிகள் வளர்ந்து, வயதுக்கு முன்பே மதம் பிடித்து, 1992க்கும் 1997க்கும் இடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998இல் குரூகரிலிருந்து வளர்ந்த ஆறு ஆண்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலைகள் நின்றன. எந்த மருந்தும் கொடுக்கவில்லை, எந்தக் கொட்டிலிலும் அடைக்கவில்லை. பெரியவர்கள் வந்து நின்றார்கள், அவ்வளவுதான்.

நான் எழுதுவது மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலிருந்து. ஆண்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வது என்ன செய்யும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஆசிய யானையில் தந்தம் ஆணுக்கு மட்டும்தான். 1970களிலும் 80களிலும் தென்னிந்தியக் காடுகளில் தந்தத்துக்காக நடந்த கள்ள வேட்டையில் விழுந்ததெல்லாம் கொம்பன்களே. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வளர்ந்த ஓர் ஆணுக்கு நூறு பெண் என்ற அளவுக்கு விகிதம் சரிந்தது. காட்டில் யானைக்குப் பஞ்சமில்லை என்பது போலத் தோன்றும், ஆனால் கூட்டங்களில் குட்டிகள் குறைந்துபோயிருந்தன. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆகவே, அம்போசெலியில் இரண்டாயிரம் யானை இருக்கிறது, ஐந்து போனால் என்ன என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த இரண்டாயிரத்தில் பெண்கள் எத்தனை, குட்டிகள் எத்தனை, இருபது வயதுக்குட்பட்ட ஆண்கள் எத்தனை என்று கேளுங்கள். எல்லாவற்றையும் கழித்தால் வளர்ந்த பெரிய ஆண்கள் மிகக் கொஞ்சமே மிஞ்சும். ஐந்து என்பது அந்தக் கொஞ்சத்தில் ஐந்து.

தந்தத்தின் மரபும் இதில் இருக்கிறது. உலகில் இதுவரை அளக்கப்பட்ட ஆகப் பெரிய தந்த இணை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ நூறு கிலோ. 1898இல் அந்த யானை கொல்லப்பட்டது உங்கள் கிளிமஞ்சாரோ சரிவில். அந்த மலையடிவாரத்தில் இப்போது திரியும் கொம்பன்களிடம் அந்தப் பரம்பரை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை போனால் அதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. உங்கள் அண்டை நாடான மொசாம்பிக்கின் கொரொங்கோசாவில் உள்நாட்டுப் போரின்போது தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள். போருக்கு முன் பெண் யானைகளில் தந்தமில்லாதவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போருக்குப் பின் பாதி. 2021இல் வெளியான ஆய்வு அது மரபணுவிலேயே பதிந்துவிட்ட மாற்றம் என்று காட்டியது.

இனி பணத்துக்கு வருகிறேன். எண்டுய்மெட் கிராமத்து மக்கள் யானையோடு வாழ்கிறார்கள். சோளம் ஏறிவரும் நேரத்தில் இரவில் யானை வந்தால் ஒரு குடும்பத்தின் ஆண்டு உணவு போய்விடும். தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள் உயிருக்கே ஆபத்து உண்டு. அந்த நிலத்தைக் காட்டுயிருக்கு விட்டுவைத்ததற்கு அவர்களுக்கு வருமானம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வேட்டைப் பணம் நின்றால் அந்த இடத்தில் வேறு பணம் வர வேண்டும். வராவிட்டால் அந்த நிலம் உழவுக்கும் வேலிக்கும் போய்விடும், அது துப்பாக்கியை விட மோசம்.

அந்தப் பணத்தைத் தர வேண்டிய கடமை கென்யாவுக்கும், அம்போசெலி யானையைக் காட்டிச் சம்பாதிக்கும் சுற்றுலா நிறுவனங்களுக்கும், இந்த வேட்டையை எதிர்த்துக் கடிதங்களில் கையெழுத்துப் போட்ட எங்களைப் போன்றவர்களுக்கும் உண்டு. அம்போசெலி பூங்காவின் பரப்பு 392 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அந்த யானைகள் உண்மையில் பயன்படுத்துவது அதைப்போல் பல மடங்கு நிலம், அதில் ஒரு பங்கு உங்களுடையது. பூங்காவுக்கு வெளியே கிமானா பக்கத்தில் மாசாய் நில உரிமையாளர்களுக்குக் குத்தகைப் பணம் கொடுத்து யானைப் பாதையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எல்லைக்குத் தெற்கே அதே யானைகள் மேயும் நிலத்துக்கும் அதே குத்தகை போக வேண்டும். இதை நீங்கள் கேட்டால் அது யாசகம் ஆகாது, நியாயமான பாக்கி. நைரோபி அதைத் தர மறுத்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அடுத்த மடலை அவர்களுக்கு எழுதுகிறேன்.

சுட்ட யானை ஒருமுறை கட்டணம் தரும். அம்போசெலியின் டிம் என்ற கொம்பன் ஐம்பது வயது வரை வாழ்ந்து, 2020 பிப்ரவரியில் இயற்கையாகச் செத்தது. பயிரை மேய்வதில் பேர்போன யானை. அதற்காகக் கழுத்தில் கருவி மாட்டி, வயலை நெருங்கும்போதெல்லாம் ஆள் அனுப்பித் திருப்பினார்கள். தொல்லை கொடுத்த யானையைச் சுட்டுத் தீர்க்காமல் கடைசி வரை காவல் காத்தார்கள். அதைப் பார்க்கவென்றே உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சின்யாவிலும் அப்படிப் பார்க்க வரச் செய்யலாம். கிளிமஞ்சாரோவை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கும் கொம்பனை உங்கள் பக்கத்திலிருந்து பார்ப்பதில் என்ன குறை?

உங்களிடம் இதைக் கேட்க எனக்குத் துணிவு தருவது உங்கள் நாட்டின் வரலாறுதான். 1961இல் அருஷாவில் உங்கள் விடுதலைத் தலைவர் ஜூலியஸ் நைரேரே காட்டுயிரைக் காப்பது ஆப்பிரிக்கர்கள் எல்லோருடைய பொறுப்பு என்று அறிக்கை விட்டார். 1989இல் ஆபரேஷன் உஹாய் நடத்திக் கள்ள வேட்டைக்காரர்களை ஒடுக்கினீர்கள். அதே ஆண்டு தந்த வணிகத்தை உலக அளவில் தடைசெய்ய முன்மொழிந்த நாடுகளில் தான்சானியாவும் ஒன்று. பிறகு மறுபடி ஒரு கொடிய காலம் வந்தது. 2009இல் சுமார் 1,10,000 ஆக இருந்த உங்கள் யானைகள் 2014 கணக்கெடுப்பில் சுமார் 43,000 ஆகக் குறைந்திருந்தன. அதிலிருந்தும் மீண்டு எழுந்தீர்கள். தந்தக் கடத்தலின் தலைமையில் இருந்தவரைப் பிடித்து 2019இல் சிறைக்கு அனுப்பினீர்கள். எத்தனையோ வனக்காவலர்கள் உயிரைக் கொடுத்த நாடு. அவர்கள் கள்ளத் துப்பாக்கியிடமிருந்து மீட்டுத் தந்ததை உரிமம் பெற்ற துப்பாக்கிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

எல்லைக்குள் வந்த யானை தான்சானியாவின் யானை, அதன்மேல் முடிவெடுக்கும் உரிமை உங்களுடையது. அதனால்தான் மடல் உங்களுக்கு.

ஜூலை முதல் தேதி அடுத்த வேட்டைப் பருவம் தொடங்கும். அதற்கு முன் எண்டுய்மெட்டிலும் எல்லையோரத்திலும் யானைக்கான உரிமங்களை நிறுத்தி வைத்து, அந்த முடிவை எழுத்தில் வெளியிடுங்கள். இம்முறை அது வாய்மொழியாகவோ வழக்கமாகவோ நின்றுவிடாமல் இரு நாட்டு ஒப்பந்தமாக வர, கென்யக் காட்டுயிர்த் துறையோடு உட்கார்ந்து பேசுங்கள். கிராமங்களுக்குச் சேர வேண்டிய குத்தகைத் தொகை அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இதுவரை சுடப்பட்ட ஐந்தின் காதுப் படங்களோ தந்த அளவுகளோ உங்கள் கோப்புகளில் இருக்குமானால், அவற்றை அம்போசெலி ஆய்வாளர்களிடம் கொடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஆனைமலை அடிவாரத்திலிருந்து ஒரு காட்டுயிர் ஆர்வலர்